நாலு மணிக்கு வந்தவருக்கு ஆறு இடங்கழி

என் அத்தை நெல் அளக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இடங்கழி என்பது எங்கள் பக்கத்து அளவுப் பாத்திரம். மரத்தில் கடைந்து வாயில் பித்தளைப் பட்டை போட்டது. அத்தை அதை நெல்லுக்குள் முக்கி எடுப்பாள். வாய்க்கு மேலே குவிந்து நிற்பதை உள்ளங்கையால் ஒரே இழுப்பில் வழித்துவிடுவாள். வழித்த நெல்லின் மேல் ஒரு எறும்பு நடந்தால் அது மேடும் ஏறாது, பள்ளமும் இறங்காது என்று அம்மா சொல்வாள். யாசகம் கேட்டு வருபவர்களுக்கும் அதே வழிப்புதான், ஆலயத்துக் காணிக்கைக்கும் அதே வழிப்புதான். கர்த்தருக்குக் கொடுப்பதையாவது கொஞ்சம் குவித்து அளக்கக் கூடாதா என்று உபதேசியார் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டாராம். "கர்த்தருக்கு அளவு தெரியும்" என்று அத்தை சொல்லிவிட்டாளாம்.

அவள் என் அப்பாவின் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். பிள்ளைகள் இல்லை. கொல்லயிலில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே வளவில் இருந்தன. அப்பா அம்பூரி மலையில் புதிதாக ரப்பர் வைத்த ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். மாதம் ஒரு முறை வருவார். ஆகவே வளவில் நாங்கள் மூன்று பெண்கள்தான்: அத்தை, அம்மா, ஒன்பது வயதான நான். எங்களை ஆண்டது அத்தை.

மலையாள ஆட்சியில் இருந்த எங்கள் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் உச்சத்துக்குப் போயிருந்த காலம் அது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஊரில் ஆண்கள் குறைந்துபோனார்கள். பிடிபட்டவர்கள் கொஞ்சம், பிடிபடுவோமோ என்று பயந்து மலைக்கும் சொந்தக்காரர்களின் ஊருக்கும் போனவர்கள் அதிகம். போலீஸ் லாரியின் சத்தம் பாறசாலைப் பக்கம் கேட்டால் போதும், மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டங்களில் செடிகள் அசையும். எனக்கு இதில் எந்தக் கட்சியும் கிடையாது. வீட்டில் தமிழில் திட்டு வாங்கினேன், பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் அடி வாங்கினேன். இரண்டும் ஒரே மாதிரிதான் வலித்தன.

எங்கள் வயலுக்கு அடுத்த வயல் செல்லப்பன் என்பவருடையது. சந்தி முக்கில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில், எங்கள் வயலுக்கு வர வேண்டிய வாய்க்கால் தண்ணீரை இரவோடு இரவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் என்பது அத்தையின் வாதம். வாய்க்கால் தானாக உடைந்தது என்பது அவருடைய வாதம். அந்த வருஷம் எங்கள் நெல் பாதி பதராகப் போயிற்று. அன்று முதல் எங்கள் வளவில் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்லியே தீரவேண்டி வந்தால் 'அங்கோட்டுக்காரன்', அதாவது அந்தப் பக்கத்துக்காரன், என்று சொல்ல வேண்டும். அவர் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாங்கள் உப்பு வாங்க ஒரு மைல் நடந்து வேறு கடைக்குப் போனோம்.

போராட்டத்தில் செல்லப்பன் செய்ததெல்லாம் ஊர்வலம் போனவர்களுக்கு இரண்டு குலை பழம் கொடுத்ததுதான். அதுவும் அளவுக்கு மீறிப் பழுத்து விற்காமல் கிடந்தது என்று ஊரில் பேச்சு. ஆனாலும் யாரோ அவர் பெயரையும் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடையைப் பூட்டி, பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அவர் காணாமல் போனார். "வாய்க்கால்ல கை வச்சவனுக்கு வேற என்ன வரும்?" என்று அத்தை சொன்னாள். துப்பாக்கிச் சூட்டுக்கும் எங்கள் வாய்க்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கவில்லை.

அறுப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஒரு கதையைப் பிரசங்கமாகச் சொன்னார். ஆண்கள் பக்கம் பாதிப் பாய்கள் விரித்தபடி காலியாகக் கிடந்தன. ஒரு தோட்டக்காரன். விடிகாலையில் போய் ஆள் கூப்பிடுகிறான், கூலி பேசுகிறான். அப்புறம் ஒன்பது மணிக்கும் போகிறான், மத்தியானமும் போகிறான், பொழுது சாயப்போகிற நேரத்திலும் போய், சும்மா நின்றவர்களைக் கூட்டி வருகிறான். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி. வெயிலில் வாடினவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசின கூலியைத் தந்துவிட்டேனே, மற்றவனுக்கு நான் கொடுப்பதில் உனக்கு என்ன கஷ்டம் என்கிறான் தோட்டக்காரன். தேவனுடைய கிருபை இப்படிப்பட்டது என்று உபதேசியார் முடித்தார். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அவருடைய மூத்த மகனும் அப்போது வீட்டில் இல்லை.

வழியில் அத்தை பொறுக்க மாட்டாமல் வெடித்தாள்.

"அந்த ஆளுக்க தோட்டத்துல மறுநாள் காலத்தே ஒருத்தனாவது வருவானா? எல்லாவனும் சாயங்காலம் தான் வருவான். ரெண்டு போகம் வெளையாது, தோட்டம் தரிசாப் போவும்."

"அது கதையில்லியா மயினி," என்றாள் அம்மா.

"கதைன்னாலும் ஒரு நியாயம் வேண்டாமா?"

எனக்கு அத்தை சொன்னதுதான் சரியாகப்பட்டது. அந்தத் தோட்டக்காரனை எனக்குப் பிடிக்கவே இல்லை. எங்கள் வாத்தியாரும் அவனைப் போலத்தான், வீட்டுக்கணக்கு எழுதி வந்தவளுக்கும் எழுதாமல் அழுதவளுக்கும் ஒரே மார்க் போடுவார்.

அந்த வாரம் ஏலாவில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. ஏலா என்று நாங்கள் சொல்வது தென்னந்தோப்புகளுக்கு நடுவில் தாழ்ந்து கிடக்கும் வயல்வெளியை. வியாழக்கிழமை மேற்கே மலைபோல மேகம் ஏறிற்று. மழை விழுந்தால் நெல் சாய்ந்து சேற்றிலேயே முளைத்துவிடும். வழக்கமாக அறுப்பவர்களுக்கு, அறுத்த கதிர்க்கட்டில் ஒரு பங்குதான் கூலி. அந்த வருஷம் ஆள் இல்லாததால் அத்தை ஊரில் சொல்லிவிட்டாள்: ஒரு நாள் நின்று அறுத்தால் பெரியவர்களுக்கு ஆறு இடங்கழி நெல். எனக்கு மூன்று.

"எனக்குமா?" என்றேன்.

"அரிவாள் பிடிக்கியவளுக்குக் கூலி உண்டு. சும்மா இரிக்கியவளுக்குக் கிடையாது," என்றாள் அத்தை.

மறுநாள் விடியும்போதே நான் அத்தையோடு வயலில் இறங்கினேன். நெடுங்காலம் என் நினைவு அப்படித்தான் இருந்தது. கணுக்கால் வரை சேறு. நெல்தாளின் ஓரம் முழங்கையைக் கீறும். வியர்வை பட்டால் எரியும். அறுத்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், மீதி கிழவர்கள். அவர்களில் ரோசம்மாள் என்று ஒருத்தி, ஒரு பக்கம் கையும் ஒரு பக்கம் வாயும் ஓயாமல் ஓடும். அவள் ஒருத்தியே இரண்டு ஆள் அறுப்பை அறுப்பாள்.

அத்தை அன்று நான்கு தடவை முக்குக்குப் போனாள். விடிகாலையில் ஐந்து பேரைக் கூட்டி வந்தாள். வெயில் ஏறியதும் போய் மூன்று பேரைக் கொண்டுவந்தாள். மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு போய் ஒரு கிழவரையும் அவர் மகளையும் பிடித்து வந்தாள். அப்போதும் கால் பங்கு வயல் நின்றுகொண்டிருந்தது. மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது.

நெய்யாற்றின்கரையிலிருந்து நாலு மணி பஸ் வருகிற சத்தம் கேட்ட நேரத்தில், அத்தை நான்காம் தடவையாக வரப்பில் திரும்பி வந்தாள். அந்தக் காட்சி இன்றும் பளிச்சென்று கண்ணில் இருக்கிறது. அத்தை முன்னால். அவளுக்குப் பத்தடி பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி செல்லப்பன். இருவரும் ஒன்றாக வரவில்லை, ஒரே வரப்பில் வந்தார்கள், அவ்வளவுதான். அத்தை ஒரு அரிவாளை எடுத்து வரப்பில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. அவர் குனிந்து எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.

அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

அவருக்கு அரிவாள் பிடிக்கத் தெரியவில்லை. சொந்த வயலையும் ஆள் வைத்தே அறுத்தவர், பொட்டலம் மடித்துப் பழகின கை. முதல் ஐந்து நிமிஷத்திலேயே இடது கைவிரலை வெட்டிக்கொண்டார். துண்டின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி அறுத்தார். நான் அறுத்ததை விட மோசமாக அறுத்தார் என்று எனக்கு மிகுந்த திருப்தி. மேகம் இருட்டிக்கொண்டு வர, கட்டுகளை எல்லாரும் சேர்ந்து தூக்கி, களத்தை ஒட்டிய ஓலைப்புரைக்குள் அடுக்கினோம். கடைசிக் கட்டு உள்ளே வந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கதிர் அடிக்க நேரமில்லை என்பதால் அத்தை பத்தாயத்திலிருந்து பழைய நெல்லை எடுத்துவரச் செய்தாள். பாயில் கொட்டி, இடங்கழியோடு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக ஓலைப்பெட்டியை நீட்டினார்கள். முதலில் அவள் கூப்பிட்டது செல்லப்பனை.

அவரிடம் பெட்டி இல்லை. தலைத்துண்டை விரித்தார். அத்தை முக்கி எடுத்தாள், வழித்தாள், கொட்டினாள். ஒன்று. இரண்டு. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு இடங்கழியே அதிகம். மூன்று. நான்கு. ரோசம்மாள் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் நிறுத்தினாள். ஐந்து. ஆறு. ஆறாவதையும் அத்தை அதே மாதிரி வழித்துத்தான் கொட்டினாள்.

அப்புறம் எல்லாருக்கும் ஆறு ஆறாக அளந்தாள். எனக்கு மூன்று.

"காலத்தே முதல் குறுக்கு ஒடிஞ்சவளுக்கும் ஆறு, இப்ப வந்து கையை வெட்டினவருக்கும் ஆறாக்கும்," என்றாள் ரோசம்மாள், யாரையும் பார்க்காமல்.

"உனக்கு ஆறுன்னு தானே சென்னேன்? குறைஞ்சுதா?"

"குறையல்ல."

"பின்னே? இது எனக்க நெல்லு."

ரோசம்மாள் வாயை மூடிக்கொண்டாள். என்னால் முடியவில்லை. என் அத்தை, கர்த்தருக்கே வழித்து அளக்கிற அத்தை, அந்தக் கதையில் வந்த மோசமான தோட்டக்காரனைப் போல என் கண்முன்னே கெட்டுப்போகிறாள்! அதுவும் யாருக்காக? எங்கள் தண்ணீரைத் திருடின அங்கோட்டுக்காரனுக்காக! ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் தென்னந்தோப்பு வழியாக மூன்று போலீஸ்காரர்கள் களத்துக்குள் வந்தார்கள்.

ஒருவர் ஏட்டு. வயதானவர், தொப்பையும் நரைத்த மீசையுமாக. கூட வந்த இருவரும் இளம் பையன்கள், கையில் லத்தி. மூவருமே வடக்கேயிருந்து புதிதாக வந்தவர்கள் போலிருந்தது. எங்கள் ஊர் முகம் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது.

"இந்நு வைகிட்டு இவிடே ஆரெங்கிலும் ஓடி வந்நோ?" என்று ஏட்டு கேட்டார். சாயங்காலம் யாராவது இங்கே ஓடி வந்தார்களா என்று.

"ஓடி ஆரும் வந்நில்ல," என்று அத்தையும் மலையாளத்திலேயே சொன்னாள். அது உண்மைதான். ஓடி யாரும் வரவில்லை.

"இவரொக்கெ ஆரா?" இவர்கள் எல்லாம் யார் என்று.

"எனிக்கு கொய்தவர். கூலி அளந்நு கொடுத்து." அவளுக்கு அறுத்தவர்கள், கூலி அளந்து கொடுத்தாயிற்று. அதுவும் உண்மைதான். அத்தை எழுந்திருக்கக்கூட இல்லை. இடங்கழி அவள் மடியில் இருந்தது.

ஏட்டு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கிழவர்களைத் தாண்டி செல்லப்பன் முன்னால் நின்றார். முழங்கால் வரை சேறு. முடியில் வைக்கோல். விரலில் ரத்தம் ஊறின துணி. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பழக்கமில்லாதவர் என்பதால், அங்கே நின்றவர்களிலேயே மிக அதிகமாக உழைத்தவர் போல அவர்தான் தெரிந்தார். ஆனாலும் ஏட்டுக்குச் சந்தேகம் போகவில்லை. காலடியில் துண்டில் கிடந்த நெல்லைக் காட்டி, அதை அளக்கச் சொன்னார்.

ஒரு போலீஸ்காரப் பையன் இடங்கழியை வாங்கி அளந்தான். அவனுக்கு வழிக்கத் தெரியவில்லை. அத்தை கையை நீட்டி, "இங்ஙனெ," என்று ஒருமுறை வழித்துக் காட்டினாள். நெல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு. பக்கத்தில் ரோசம்மாளின் பெட்டியை அளந்தான். ஆறு. கிழவருடையது ஆறு. பிறகு என் பெட்டிக்கு வந்தான். மூன்று.

"இது ஆருடே?"

"என்டெ ஆங்ஙளயுடெ மோள்," என்றாள் அத்தை. தம்பி மகள்.

ஏட்டு சிரித்தார். சொந்தத் தம்பி மகளுக்கே பாதிதான் அளந்திருக்கிறாள், இந்த அம்மா சாயங்காலம் வந்தவனுக்கு முழுக்கூலி அளப்பாளா என்று தன் ஆட்களிடம் சொன்னார். உலகத்தில் அப்படிச் செய்கிற பைத்தியம் யாரும் இல்லை என்றார். பையன்கள் இருவரும் தலையாட்டினார்கள்.

போகத் திரும்பியவர் என்ன நினைத்தாரோ, என் முன்னால் குனிந்தார். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"மோளே, நீ பற. இவரில் ஆரா ஒடுவில் வந்நது?"

கடைசியில் வந்தது யார்?

அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. விரல்கள் எலும்பு வரை அழுந்தின. எனக்கு அது புரியவில்லை. ஒரு விஷயம்தான் புரிந்தது: இந்தக் களத்தில் நியாயத்தைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் இந்த ஏட்டுதான். இவரிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்வது? அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கி வந்தது. கையை நீட்டினேன். நேராகச் செல்லப்பனை நோக்கி.

"நான் காலத்தே வந்தேன்! எனக்கு மூணு! அவருக்கு மட்டும் ஆறு!"

விக்கி விக்கி அழுதேன்.

ஏட்டு என் விரல் காட்டின பக்கம் பார்த்தார். செல்லப்பன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த நேரத்தில் ரோசம்மாள் ஒரு காரியம் செய்தாள். ஒன்றுமே நடக்காதது போல முன்னால் வந்து, செல்லப்பனின் துண்டின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, நெல்லை மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தாள். நாள் முழுக்கக் கூட நின்று அறுத்தவனுக்கு ஒருத்தி செய்வது போல. "கட்டத் தெரியாட்டா சிந்திப் போவும், இஞ்ச தாரும்," என்று முணுமுணுத்தாள்.

ஏட்டு உரக்கச் சிரித்துவிட்டார். என் தலையில் கை வைத்தார்.

"அது வலிய ஆளல்லே மோளே. நீ வலுதாகும்போள் நினக்கும் ஆறு கிட்டும்."

அவர் பெரிய ஆளில்லையா, நீ பெரியவளானால் உனக்கும் ஆறு கிடைக்கும் என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு ஒரு பிடி கூடப் போடக் கூடாதா என்று கேட்டார். அத்தை அசையவில்லை. "பறஞ்ஞது மூந்நு," என்றாள். சொன்னது மூன்று. ஏட்டு தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். தோப்பு தாண்டிப் போகும் வரை அவர் சிரிப்பு கேட்டது.

செல்லப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். அவர் உதடு ஏதோ சொல்லப் பார்த்தது. அத்தைதான் முதலில் பேசினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஊர் கேட்க அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"மழை வருது. நெல்லு நனையும், கொண்டு போரும்."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோப்பின் மறுபக்கமாகப் போனார். எனக்கு ஒருவரும் ஒரு அடி கூடக் கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. நான் என்ன செய்தேன் என்று அன்று மட்டுமல்ல, அப்புறம் பல வருஷங்களும் யாரும் சொல்லவில்லை. என் விரலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அந்த அத்தனை பேரையும் இன்று நினைத்தால் கண் நிறைகிறது.

இதோடு அத்தைக்கும் செல்லப்பனுக்கும் சமாதானமாகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள் என் அத்தையை அறியவில்லை என்று அர்த்தம். போலீஸ் கெடுபிடி ஓய்ந்து அவர் கடையைத் திறந்த மறுமாதமே, அதே வாய்க்காலுக்காக அத்தை வரப்பில் நின்று அவரோடு சண்டை போட்டாள். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று: நாங்கள் உப்பு வாங்க அதன் பிறகு ஒரு மைல் நடக்கவில்லை. நான் கடைக்குப் போனால் செல்லப்பன் கேட்காமலே ஒரு துண்டு கல்கண்டு எடுத்துத் தருவார். விரல் நீட்டின பிள்ளைக்குக் கல்கண்டு! அதைப் பற்றியும் நான் யோசிக்கவில்லை. நான் நல்ல பிள்ளை, அதனால் தருகிறார் என்று நினைத்தேன்.

பின்னால் எல்லை வகுத்தார்கள். தமிழ்நாடு களியக்காவிளையோடு நின்றுவிட்டது. நாங்கள் கேரளத்தில் ஆனோம். என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோதுதான் செல்லப்பன் அந்த நாளைப் பற்றி என்னிடம் வாய் திறந்தார். மூன்று வாரம் மலையில் கிடந்துவிட்டு, பிள்ளைகளை ஒருமுறை பார்க்கலாம் என்று அன்று இறங்கி வந்திருக்கிறார். வீட்டைச் சுற்றிப் போலீஸ். பூட்டிய கடையின் பின்புறம் ஒளிந்து உட்கார்ந்திருந்தவரை, ஆள் தேடி வந்த அத்தை பார்த்துவிட்டாள்.

"கத்திக் காட்டிக்கொடுத்திருவான்னு நெனச்சேன் மக்களே. உனக்க அத்தை கேட்டது ஒரே ஒரு சேதி. 'ஓய், சும்மாவா இரிக்கீரு? அறுக்க வாரும்'னு கேட்டா."

அத்தை அன்று ஏன் ஆறு அளந்தாள் என்று நான் அவளிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "எனக்க நெல்லு" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மாதான் சொன்னாள். எங்கள் வயலில் நின்றால் செல்லப்பன் வீட்டு அடுக்களைக் கூரை தெரியும். பேச்சு நின்ற மூன்று வருஷமும் அத்தை அந்தக் கூரையைப் பார்க்காத நாள் இல்லையாம், திட்டுவதற்காக. அறுப்புக்கு முந்தின ஐந்து நாளும் அதிலிருந்து புகை வரவில்லை. ஐந்தாம் நாள் அத்தை அம்மாவிடம், "அந்த வீட்டுல அடுப்பு எரியல்ல கேட்டியா," என்று மட்டும் சொன்னாளாம்.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகு, எங்கள் ஆலயத்து ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் அந்தத் தோட்டக்காரன் கதையே பாடமாக வந்தது. எனக்குச் சொல்லவா வேண்டும்! ஏலாவையும் மேகத்தையும் ஏட்டையும் அத்தையையும் கொண்டுவந்து நிறுத்தி, விடிகாலை முதல் வெயிலில் நின்று அறுத்துவிட்டு நியாயம் கேட்டு அழுத பிள்ளையாக என்னையும் நிறுத்திச் சொன்னேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். பின்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து மரச்சீனி நறுக்க உட்கார்ந்த அம்மா தன்பாட்டுக்குச் சிரித்தாள்.

"என்னத்துக்குச் சிரிக்கிய?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் செல்லிக்குடுத்தே. ஆனா நீ எப்ப மக்களே காலத்தே வந்தே?"

"நான் வரல்லியா?"

"கஞ்சிப் பானையோட நான் உன்னைக் கூட்டிட்டு வரும்போ உச்சி ஆயாச்சு. ரெண்டு பிடி அறுத்தே. கஞ்சி குடிச்சே. வைக்கோல்ல ஏறிப் படுத்தவதான். உறக்கம்னா உறக்கம். நாலு மணிக்கு பஸ்ஸு சத்தத்துல ஆக்கும் எழும்பினே. கண்ணைத் திறந்ததும் நீ கண்டது வரப்புல வந்த அந்த ஆளை. அதான் உனக்கு அது மட்டும் அவ்வளவு ஓர்மை."

அறுத்த கை, எரிந்த முழங்கை, காலைச் சேறு எல்லாம் எனக்கு நினைவிருந்தன. அவை மற்ற வருஷங்களின் அறுப்பாக இருக்க வேண்டும்.

"அத்தை கண்டாளா?"

"காணாம இருப்பாளா? வெயில் படுதுன்னு ரெண்டு தடவை உனக்க மேல ஓலையைச் சாய்ச்சு வச்சது அவளாக்கும்."

"பின்னே எனக்கு ஏன் மூணு அளந்தா?"

அம்மா ஒரு துண்டு மரச்சீனியைத் தண்ணீரில் போட்டாள். "அதை நீ அண்ணு கேக்கல்லியே," என்றாள்.

கேட்கவில்லைதான். அன்று களத்தில் அழுகையை நிறுத்தின அந்தப் பிள்ளை, மூன்று இடங்கழியும் தான் வெயிலில் நின்று சம்பாதித்தது என்று முழுமனதாக நம்பினாள். பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு மணி நெல்கூடச் சிந்தாமல், முதல் தூறலுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினாள்.